பழைய சுவரும் புதிய கண்ணாடியும்

(ஜூபிலி விழாவின் இரண்டாம் நாள் மாலை, நற்கருணை ஆசீருக்குப் பின் ஆலய வளாகத்தில் நடந்த கூட்டத்தில், இவ்வூரில் பிறந்து சென்னையில் ஓவிய ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற பங்கு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை.)



மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமில்லை. 32 ஆண்டுகள் கரும்பலகையில் கோடு போட்டுப் பிழைத்தவன் நான். ஆனாலும் சாமியார் அவர்கள், "நீங்கள் ஓவிய வாத்தியார், கோயில் ஜன்னலுக்கு வண்ணக் கண்ணாடி போடலாமா வேண்டாமா என்று பங்கில் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள், தெரிந்ததைச் சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொண்டார். மறுக்க முடியவில்லை.

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். விழாக் குழுவின் முதல் கூட்டத்தில் இந்த யோசனையை எதிர்த்தவன் நானே. "நம் முன்னோர் கட்டிய பழைய கோயில், அதன் சுவரில் புதுமோஸ்தர் கண்ணாடி எதற்கு? வீண் செலவு" என்று கொஞ்சம் சூடாகவே பேசினேன். இன்று அப்படிப் பேச எனக்கு மனமில்லை. ஏன் மாறினேன் என்பதைச் சொல்வதற்காகத்தான் இங்கே நிற்கிறேன். அதைக் கடைசியில் சொல்லுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்ணக் கண்ணாடி என்றவுடன், "அது வெள்ளைக்காரர் சரக்கு, நமக்கு என்ன தெரியும்?" என்று சிலர் கேட்கிறார்கள். நமக்குத் தெரியாத சரக்கா? கிறிஸ்துமஸ் வந்தால் நாம் என்ன செய்கிறோம்? மூங்கிலைச் சிம்பு சிம்பாகப் பிளந்து, ஐந்து முனை நட்சத்திரமாகக் கட்டி, சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று கண்ணாடித் தாள் ஒட்டி, உள்ளே விளக்கு வைத்து வாசலில் தொங்கவிடுகிறோம். என் தகப்பனார் கட்டும் நட்சத்திரத்துக்குள் சிம்னி விளக்குதான் இருக்கும். காற்றடித்தால் தாள் பற்றிக்கொள்ளும் என்று அம்மா ஒரு செம்புத் தண்ணீரோடு பக்கத்திலேயே நிற்பார்கள். அந்த நட்சத்திரத்தில் மூங்கில் சிம்பு என்ன வேலை செய்கிறதோ, அதையே கோயில் ஜன்னலில் ஈயப்பட்டை செய்கிறது. தாள் செய்யும் வேலையைக் கண்ணாடி செய்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். மணலோடு சாம்பலுப்பும் சுண்ணாம்பும் கலந்து உலையில் உருக்கினால் கண்ணாடி. உருகும்போதே அதில் உலோகக் கலவைகளைச் சேர்த்தால் நிறம் ஏறும். கோபால்ட் சேர்த்தால் நீலம். மாங்கனீசு சேர்த்தால் ஊதா. செம்பு சேர்த்தால், உலையின் பக்குவத்துக்கு ஏற்பப் பச்சையாகவோ சிவப்பாகவோ வரும். மிகச் சிறிதளவு தங்கம் சேர்த்தால் மாணிக்கச் சிவப்பு வரும். நிறம் மேற்பூச்சாக இல்லாமல் கண்ணாடியின் உடம்பிலேயே கலந்துவிடுவதால்தான் எண்ணூறு ஆண்டானாலும் அது வெளுப்பதில்லை. பிறகு கலைஞர் முழு அளவில் படம் வரைந்து, அதன்படி கண்ணாடியைத் துண்டு துண்டாக வெட்டுகிறார். முகம், விரல், துணி மடிப்பு இவற்றைக் கண்ணாடித் தூள் கலந்த கருஞ்சாயத்தால் தீட்டி, 600 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் சுட்டெடுக்கிறார். துண்டுகளை ஈயப்பட்டைகளின் இடுக்கில் பொருத்தி, மூட்டுகளைப் பற்றவைத்து, மழைநீர் புகாமல் மக்கு வைத்து அடைத்து, குறுக்கு இரும்புக் கம்பிகளில் கட்டி நிறுத்துகிறார். ஈயம் சுமார் 100 ஆண்டுகளில் தளர்ந்துவிடும். அப்போது கழற்றிப் புது ஈயம் போட வேண்டும். ஆகவே, ஒரு தலைமுறை செய்து வைத்தால் அடுத்தடுத்த தலைமுறைகள் கண்ணும் கருத்துமாய்க் காப்பாற்ற வேண்டிய பொருள் இது.

கோயிலுக்கு இது எதற்கு வந்தது? ஏறக்குறைய 600-ஆம் ஆண்டில், கோயிலிலிருந்த படங்களை உடைத்த ஓர் ஆயருக்குப் பாப்பரசர் பெரிய கிரகோரியார் கடிதம் எழுதிக் கண்டித்தார். எழுத்தறிந்தவர்களுக்கு ஏடு எப்படியோ, எழுத்தறியாதவர்களுக்குப் படம் அப்படி என்பது அவர் சொன்னதன் கருத்து. நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அந்தக் காலத்து உபதேசியார்கள் சுருட்டி வைத்த படங்களை வேப்ப மரத்தில் மாட்டி, ஒரு குச்சியால் காட்டிக் காட்டி ஞானோபதேசம் சொன்னதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். அன்று மனத்தில் பதிந்த பாம்பும் பழமும் இன்றும் அழியவில்லை.

பிரான்சு நாட்டில் சார்த்தர் என்ற ஊரின் பேராலயத்தில் 12, 13-ஆம் நூற்றாண்டுகளின் கண்ணாடிகள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. 1939-ஆம் ஆண்டில் போர் மூண்டபோது, குண்டு விழுந்து பாழாகிவிடக்கூடாதே என்று அவற்றைக் கழற்றிப் பத்திரப்படுத்தி, போர் முடிந்தபின் மறுபடியும் மாட்டினார்கள். புனிதர்களின் வரலாற்றைக் காட்டும் அந்த ஜன்னல்களின் அடிப்பாகத்தைப் பார்த்தால், ரொட்டி சுடுகிறவர், செருப்புத் தைக்கிறவர், தண்ணீர் சுமக்கிறவர் எல்லாம் தங்கள் வேலையைச் செய்துகொண்டிருப்பதைக் காணலாம். அரசர்களுக்கும் அப்போஸ்தலர்களுக்கும் இடம் கொடுத்த அதே ஜன்னலில் தண்ணீர்க்காரருக்கும் இடம் இருந்தது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிற்க. சார்த்தர் எங்கே, கருங்குழி எங்கே என்று நீங்கள் கேட்பது நியாயம். நம் தாய்க்கோயிலுக்கே வருவோம். 2002-ஆம் ஆண்டில் செங்கல்பட்டு மறைமாவட்டம் உருவாகும் வரை நாம் சென்னை-மயிலை உயர் மறைமாவட்டத்தின் பிள்ளைகள். சாந்தோம் பேராலயம்தான் நமக்குத் தாய்.

புனித தோமையார் பரங்கிமலையில் ஈட்டியால் குத்துண்டு இறந்து மயிலாப்பூர்க் கடற்கரையில் அடக்கம் செய்யப்பட்டார் என்பது வழிவழியாக நாம் பெற்ற நம்பிக்கை. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரைக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, அந்தக் கல்லறையைத் தேடி மக்கள் யாத்திரை வருவதையும், கிறிஸ்தவர்களோடு முகமதியரும் வந்து வணங்குவதையும், அங்கிருந்து செம்மண் எடுத்துப்போய்க் காய்ச்சல்காரருக்குக் கொடுப்பதையும் எழுதி வைத்திருக்கிறார். ஐரோப்பாவில் கற்கோயில்கள் எழுந்த அதே நூற்றாண்டுகளில், நம் கடற்கரையில் இந்தக் கல்லறை ஜெபிக்கிற இடமாய் இருந்தது. பிறகு 1523-ஆம் ஆண்டளவில் போர்த்துக்கீசியர் அங்கே கோயில் கட்டினார்கள். 1545-ல் புனித சவேரியார் அங்கே சில மாதங்கள் தங்கி ஜெபித்தார். 1606-ல் மயிலை மறைமாவட்டம் உண்டாயிற்று.

அந்தப் போர்த்துக்கீசியக் கோயில் இன்று இல்லை. 1893-ல் அதை இடித்தார்கள். அதே இடத்தில், கல்லறையை நடுவாக வைத்து, 155 அடி உயரக் கோபுரத்தோடு எழும்பிய இன்றைய வெள்ளைக் கோயில் 1896 ஏப்ரல் முதல் நாள் மந்திரிக்கப்பட்டது. அதற்கென்று ஜெர்மனி நாட்டு மியூனிக் நகரத்தில், 1847-ல் தொடங்கப்பெற்ற மேயர் கலைக்கூடத்திலிருந்து வண்ணக் கண்ணாடி வந்தது. அதில் என்ன காட்சி தெரியுமா? உயிர்த்த ஆண்டவர் முன் தோமையார். தொட்டுப் பார்த்தாலொழிய நம்பமாட்டேன் என்று சொன்னவருக்கு ஆண்டவர் தம் காயங்களைக் காட்டும் காட்சி.

யோசித்துப் பாருங்கள். அப்போஸ்தலரின் கல்லறை மேல் கட்டிய கோயில். அவர் ஆற்றிய புதுமைகளில் ஒன்றைப் போட்டிருக்கலாம். வேதசாட்சியாய் இறந்ததைப் போட்டிருக்கலாம். அவர் சந்தேகப்பட்ட கதையைத்தான் வெளிச்சத்தில் வைத்திருக்கிறார்கள்! சந்தேகத்தை மறைக்க வேண்டியதில்லை, ஆண்டவர் அதற்காக அவரைத் தள்ளிவிடவில்லை என்று அந்தக் கண்ணாடி நாள்தோறும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

நான் மாணவர்களை அங்கே படம் வரையக் கூட்டிக்கொண்டு போவதுண்டு. ஒரு முறை ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் நெடுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டான்: "சார், நம்ம ஊருக்கு வந்த தோமையார் ஏன் சார் வெள்ளைக்காரர் மாதிரி இருக்கார்?" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பிறகு சொன்னேன்: "தம்பி, செய்தவர்கள் தங்களுக்குத் தெரிந்த முகத்தை வரைந்தார்கள். அது குற்றமில்லை. நமக்குத் தெரிந்த முகத்தை நாம்தான் வரைய வேண்டும்." அவன் நோட்டில் தோமையாருக்கு அவனுடைய தாத்தாவின் முகத்தை வரைந்து, தோளில் ஒரு துண்டும் போட்டுவிட்டான். நான் நூற்றுக்குத் தொண்ணூறு மதிப்பெண் போட்டேன்.

மயிலையில் கட்டடம் மாறியது, கண்ணாடி கடல் கடந்து வந்தது, கல்லறை மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. இனி, சுவர் பழையபடி நிற்க, கண்ணாடி மட்டும் மாறிய ஒரு கோயிலைப் பற்றிச் சொல்லுகிறேன். என் மனத்தை மாற்றியதில் அந்தக் கோயிலுக்கும் பங்கு உண்டு.

இங்கிலாந்தில் கெண்ட் மாவட்டத்தில் ட்யூட்லி என்றொரு சிறு கிராமம். அங்கே சகல புனிதர் கோயில் என்று ஆங்கிலிக்கன் சபையாரின் பங்குக் கோயில் ஒன்று இருக்கிறது. மத்திய காலத்துக் கோயில். 18-ஆம் நூற்றாண்டில் செங்கல் கோபுரம் வைத்துக் கட்டினார்கள். வயல்வெளி நடுவே நிற்கிற சின்னக் கோயில். அருகிலுள்ள மாளிகையில் சர் ஹென்றி டாவிக்டோர்-கோல்ட்ஸ்மிட் என்ற பாராளுமன்ற உறுப்பினர் வாழ்ந்தார். அவர் யூதர். அவர் மனைவி ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தவர். பெண்பிள்ளைகள் தாயோடு இந்தக் கோயிலுக்கு வருவார்கள்.

மூத்த பெண் சாராவுக்கு 21 வயது. 1963-ஆம் ஆண்டு கடலில் படகு விபத்தில் அவள் இறந்துபோனாள்.

சாராவுக்கு ஓவியத்தில் ஆசை. இறப்பதற்கு இரண்டாண்டு முன்னே, 1961-ல், பாரிஸ் நகரத்தில் மார்க் ஷகால் என்ற ஓவியரின் கண்ணாடி ஓவியங்களைத் தாயும் மகளும் கண்டு மகிழ்ந்திருந்தார்கள். ஷகால் ரஷ்யப் பேரரசின் வித்தெப்ஸ்க் ஊரில் பிறந்த யூதர். இறந்த மகளின் நினைவாக அந்தக் கிராமக் கோயிலின் கீழ்த்திசை ஜன்னலுக்கு ஒரு கண்ணாடி செய்து தரும்படி பெற்றோர் அவரைக் கேட்டார்கள். முதலில் தயங்கியவர், பிறகு ஒப்புக்கொண்டார். அவர் வரைந்ததைப் பிரான்சின் ரேம்ஸ் நகரத்தில் ஷார்ல் மார்க் என்ற கைதேர்ந்த கண்ணாடிக் கலைஞர் கண்ணாடியில் ஆக்கினார்.

அதில் என்ன வரைந்தார்? மகள் சிரித்துக்கொண்டிருப்பதாக வரையவில்லை. சம்மனசுகள் அவளைத் தூக்கிக்கொண்டு போவதாகவும் வரையவில்லை. அடியில் கடல். நீல அலைக்குள் அந்தப் பெண் கிடக்கிறாள். கரையில் அழுகிறவர்கள் இருக்கிறார்கள். அலையிலிருந்து மேலே ஓர் ஏணி போகிறது. ஏணியின் உச்சியில் சிலுவையில் ஆண்டவர். நடந்ததை நடந்தபடியே ஒளிக்காமல் சொல்லி, அதன் மேல் ஓர் ஏணியைச் சாத்தினார்.

1967-ல் அந்த ஜன்னல் அர்ச்சிக்கப்பட்டபோது ஷகால் நேரில் வந்தார். சின்னக் கோயிலைப் பார்த்ததும் மனம் நிறைந்து, மற்ற ஜன்னல்களையும் நானே செய்கிறேன் என்று சொல்லிவிட்டார். சொன்னபடியே செய்தார். 12 ஜன்னல்கள். கடைசிக் கண்ணாடிகள் 1985-ல் பொருத்தப்பட்டன. அந்த ஆண்டில்தான் அவர் தமது 97-ஆம் வயதில் காலமானார்.

அங்கேயும் எதிர்ப்பு இருந்தது, அன்பார்ந்தோரே. பீடத்தை அடுத்த ஜன்னல்களில் 19-ஆம் நூற்றாண்டுக் கண்ணாடிகள் இருந்தன. அவற்றை எடுப்பதா என்று கேள்வி எழுந்தது. கடைசியில் அவற்றை உடைக்கவில்லை, விற்கவில்லை. பக்கத்தில் உடுப்பு அறையில் வைத்து, பின்னால் விளக்குப் போட்டு, இன்றும் காணும்படி செய்திருக்கிறார்கள். புதியதை வரவேற்றார்கள், பழையதைத் தெருவில் போடவில்லை. குழுவிலுள்ள இளைஞர்கள் இதைக் கவனிக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறேன். நம் கோயிலின் பழைய மரக் கதவுகளைப் பற்றி நீங்கள் பேசியது என் காதில் விழுந்தது.

பழைய சுவரில் புதுக்கண்ணாடி பொருந்துமா என்று முதற்கூட்டத்தில் நான் கேட்டேன். கேள்வியே தவறு என்று இப்போது தோன்றுகிறது. அந்தச் சுவரை எழுப்பியவர்களுக்கு அது அன்றைக்குப் புதிய சுவர்தானே? அவர்கள் தங்கள் பஞ்சத்தையும் காலராவையும் பிள்ளைச் சாவையும் அதற்குள் கொண்டுவந்து முழங்காலில் இருந்தார்கள். நாமும் நம் காலத்துத் துக்கத்தைக் கொண்டுவந்து வைக்க அந்தச் சுவரில் ஓர் இடம் இருந்தால், அவர்கள் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். அழகுக்காக மட்டும் போடுவதென்றால் வேண்டாம். பக்கத்துப் பங்கில் இருக்கிறது, நமக்கும் வேண்டும் என்று போடுவதென்றால் நிச்சயம் வேண்டாம்.

இனி நான் மாறிய கதை. எல்லோருக்கும் தெரிந்த துக்கம்தான். பேர் சொல்லப் போவதில்லை. நம் ஊரை ஒட்டிப் போகிற ஜி.எஸ்.டி. சாலை நமக்குச் சோறும் போடுகிறது, பிள்ளைகளையும் எடுத்துக்கொள்ளுகிறது. இந்தப் பங்கில் அந்தச் சாலையில் யாரையும் பறிகொடுக்காத தெரு ஒன்று உண்டா? அப்படி மகனைப் பறிகொடுத்த ஒரு தாய், குழுக் கூட்டம் முடிந்த மறுநாள் சாயங்காலம் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார்கள். கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் வங்கிப் புத்தகம்.

"ஐயா, வண்டிக்காரங்க கிட்டேயிருந்து வந்த நஷ்டஈட்டுப் பணம். இதுல எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது. கோயில் ஜன்னலுக்கு எடுத்துக்கச் சொல்லுங்க" என்றார்கள்.

நான் வாத்தியார் புத்தியோடு, "மகன் பேரை அடியில் எழுதவேண்டுமா அம்மா?" என்று கேட்டேன்.

"பேர் கல்லறையில இருக்குது ஐயா, கோயில்ல வேணாம். வேலை முடிஞ்சு வந்தா சாலைப் பக்கத்து ஜன்னல் ஓரமாத்தான் அவன் உட்காருவான். அந்த எடத்துல கொஞ்சம் கலர் வெளிச்சம் விழுந்தா போதும்" என்றார்கள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "ஆண்டவர் ஏன் இப்படிச் செஞ்சார்னு நான் தினமும் கேக்குறேன். அது பாவமா ஐயா?" என்றார்கள்.

நான் குருவானவர் அல்ல. அதற்குத் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் அப்போது எனக்கு மயிலையின் கண்ணாடி நினைவுக்கு வந்தது. "கேட்டவரைத்தான் அம்மா சாந்தோமில் வெளிச்சத்தில் வைத்திருக்கிறார்கள்" என்று மட்டும் சொன்னேன். அவர்கள் சற்று நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார்கள். அன்றிரவு நான் தூங்கவில்லை. வீண் செலவு என்று கூட்டத்தில் சொன்னேனே, அது என் காதிலேயே ஒலித்துக்கொண்டிருந்தது.

ஆகவே என் தாழ்மையான யோசனைகளைச் சொல்லுகிறேன். முடிவு செய்யவேண்டியவர்கள் பங்குப் பேரவையார்.

முதலாவது, எல்லா ஜன்னலுக்கும் வேண்டாம். ஒரே ஒரு ஜன்னல் போதும். நம் ஊர் வெயிலுக்கு ஜன்னல் என்பது காற்றுக்காக. அத்தனையையும் கண்ணாடி போட்டு அடைத்துவிட்டால் பூசை நேரத்தில் கிழவர்கள் மயங்கி விழுவார்கள். அந்த ஒன்றிலும் மேற்பாதியில் வண்ணக் கண்ணாடி நிலையாக இருக்கட்டும். கீழ்ப்பாதி பழைய மரக்கதவாகத் திறந்து மூடட்டும். வெளியே கம்பி வலை அடித்தால் பையன்களின் கிரிக்கெட் பந்திலிருந்து தப்பும்.

இரண்டாவது, சாதாரணக் கண்ணாடி மேல் ஒட்டுகிற பிளாஸ்டிக் படம் மலிவாகக் கிடைக்கிறதே என்று சிலர் சொல்லுகிறார்கள். அது ஒட்டிய நிறம். நம் வெயிலில் சீக்கிரம் வெளுத்துச் சுருண்டுபோகும். நான் சொன்ன கண்ணாடியில் நிறம் உடம்பிலேயே இருக்கிறது. ஏழைப் பங்கு ஒரு தரம் செலவு செய்தால் பேரப் பிள்ளைகளுக்கும் நிற்கிறதாகச் செய்ய வேண்டும். இல்லையென்றால் செய்யாமல் இருப்பதே மேல்.

மூன்றாவது, பணம். அந்தத் தாயின் பணம் முழுவதையும் நாம் வாங்கக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். அவர்களுக்குப் படிக்கிற பெண்பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். அவளுடைய படிப்புக்கென்று பெரும்பகுதி வங்கியிலேயே இருக்கட்டும். ஜன்னலுக்கு அவர்கள் மனம் நிறைய ஒரு பங்கு கொடுக்கட்டும்; மீதியைச் சாலையில் பிள்ளைகளைப் பறிகொடுத்த மற்றக் குடும்பங்களும், நாம் எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சமாய்ப் போடுவோம். அப்போது அது ஒரு வீட்டு ஜன்னலாக இராது, பங்கின் ஜன்னலாக இருக்கும். ஜூபிலி நிதியில் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கென்று ஒதுக்கியதில் ஒரு காசு கூட இதற்குத் தொடவேண்டாம்.

நான்காவது, என்ன படம்? எம்மாவு ஊருக்குப் போகிற பாதையை நான் சொல்லுவேன். ஆண்டவர் இறந்துபோனார் என்று மனமுடைந்து நடந்த இரண்டு சீடர்களோடு, அடையாளம் தெரியாத ஒருவராய் அவரே கூட நடந்து வந்தார். பொழுது சாய்கிற நேரம். போகவேண்டாம், எங்களோடு தங்கும் என்று கேட்டுக்கொண்டார்கள். அவர் தங்கினார். அந்தப் பாதையை நம் சாலையாகவே வரையலாம். இரு பக்கமும் புளியமரம் நிற்கட்டும். தூரத்தில் மதுராந்தகம் ஏரி. வேடந்தாங்கலுக்குத் திரும்புகிற பறவைக் கூட்டம் மேலே போகட்டும். நடக்கிறவர்கள் தோளில் துண்டு போட்டிருக்கட்டும். மியூனிக் நகரத்தார் அவர்களுக்குத் தெரிந்த முகத்தை வரைந்தார்கள். நாம் நமக்குத் தெரிந்த முகத்தை வரைவோம். அடியில் பேர் வேண்டாம். சார்த்தர் கோயிலின் தண்ணீர்க்காரரைப் போல, ஒரு மூலையில் கையில் திருகுசாவி பிடித்த ஓர் இளைஞன் நிற்கட்டும். யாருக்குத் தெரியவேண்டுமோ அவர்களுக்குத் தெரியும்.

ஒன்று சொல்லி முடித்துக்கொள்ளுகிறேன். பகலில் வெளிச்சம் வெளியேயிருந்து உள்ளே வருகிறது. கோயிலுக்குள் இருக்கிறவர்களுக்கு ஜன்னல் ஒளிரும். சாலையில் போகிறவனுக்கு அது வெறும் கறுப்பாய்த் தெரியும். இரவில் நாம் உள்ளே விளக்கேற்றினால் அப்படியே தலைகீழாகும். நமக்கு உள்ளே கறுப்பு. சாலையில் போகிறவனுக்கு வண்ணம். என் தகப்பனாரின் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் போல.

சென்னைக்கும் திருச்சிக்கும் இரவெல்லாம் லாரிகள் ஓடுகின்றன. ஓட்டுகிறவன் யார் பெற்ற பிள்ளையோ, தூக்கம் கண்ணைச் சுழற்ற வருகிறான். கருங்குழியைக் கடக்கும்போது அவன் கண்ணில் அந்த ஜன்னல் பட்டால், ஒரு விநாடி விழித்து, வேகத்தைக் குறைத்து, தன் வீட்டை நினைத்துக்கொள்ளட்டும். ஆகவே ஐந்தாவது யோசனை: அந்த ஜன்னலுக்கு உள்ளே, ராத்திரி முழுக்க அணையாத விளக்கு ஒன்று. மின்சாரக் கட்டணம் என் ஓய்வூதியத்திலிருந்து. இதற்கு மட்டும் பேரவையைக் கேட்கமாட்டேன். சாமியாரின் அனுமதி போதும்.

 சாலையில் நம்மை விட்டுப் பிரிந்த பிள்ளைகளின் ஆன்மாக்கள் நித்திய இளைப்பாற்றி அடையவும், அவர்களைப் பெற்றவர்களோடு ஆண்டவர் கூட நடந்து வரவும், எழுந்து நின்று ஒரு பரலோக மந்திரமும் ஒரு அருள்நிறை மந்திரமும் சொல்லுவோம்.